மணலும் மடியும்

1544ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள், கொச்சியிலிருந்து புனித பிரான்சிஸ் சவேரியார் உரோமையிலிருந்த தம் சபைச் சகோதரர்களுக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். முத்துக்குளித்துறையில் தாம் ஆற்றிய பணியை அதில் விவரித்திருந்தார். மறைப்பணி வரலாற்றின் ஓர் ஏடாக அம்மடலைப் பலரும் அறிவர். இம்முறை வேறொரு நோக்கோடு அதைப் புரட்டிப் பார்ப்போம். நம் நாட்டுச் சிறுவர்கள் எவ்வாறு கற்றார்கள், கற்றதை எங்கே கொண்டு சேர்த்தார்கள் என்பதற்கு அது ஓர் அரிய சான்று.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்துப் பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்து, நாளுக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார். ஒரு மாத அளவில் செபங்கள் அவர்கள் நாவில் படிந்தன. அதன்பின் அவர் இட்ட ஏற்பாடுதான் நம் கவனத்தை ஈர்க்கிறது. கற்றதைச் சிறுவர்கள் தத்தம் தாய் தந்தையர்க்கும் வீட்டிலுள்ளோர்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்றார். நோயாளிகளின் இல்லங்களிலிருந்து அழைப்பு வந்து தம்மால் போக இயலாதபோது, செபம் அறிந்த சிறுவர்களையே அனுப்பினார். ஓர் ஊரைவிட்டுப் புறப்படும்போது செபங்களின் எழுத்துப் படியை அங்கே விட்டுச் சென்று, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுமாறு பணித்தார்.

அதே மடலில், இச்சிறுவர்கள் தம் பெற்றோரின் பழைய வழிபாட்டைக் காட்டிக் கொடுத்ததும் சிலைகளை உடைத்ததும் மகிழ்ச்சியோடு சொல்லப்படுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வாழும் நமக்கு அதைப் பெருமையோடு சொல்ல மனம் வராது. வீட்டுக்குள் நுழையும் கல்வி வீட்டைப் பிளக்கவும் கூடும் என்பதையும் வரலாறு சொல்லிவிடுகிறது. ஆயினும் கல்வி வீட்டுக்குள் போகாமல் வேரூன்றாது என்ற உணர்வு சவேரியாரிடம் தெளிவாக இருந்தது.

இந்த வாய்மொழிக் கல்வி விரைவிலேயே அச்சைத் தேடிச் சென்றது. 1554இல் லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து அச்சிட்ட 'கார்த்தில்யா' வெளிவந்தது. கார்த்தில்யா என்றால் போர்த்துக்கீசிய மொழியில் தொடக்கச் சுவடி என்று பொருள். அந்நாட்டில் குழந்தைகள் எழுத்துப் பழகும் ஏடும் செபம் பழகும் ஏடும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் முத்துக்குளித்துறைத் தாய் ஒருத்தி அந்நூலைக் கையில் எடுத்திருந்தால், பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் அது தமிழ் என்று அறிந்திருப்பாள். அக்குறை 1578 அக்டோபர் 20இல் நீங்கியது. கொல்லத்தில் அன்றீக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே 16 பக்கங்களில் அச்சேறியது. அதற்கடுத்த ஆண்டு நவம்பரில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. இது மார்க்கோஸ் ஜார்ஜ் அடிகளார் போர்த்துக்கீசியத்தில் எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். மூல நூல் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே வினா விடையாக இயற்றப்பட்டது. அவ்வகையில், தமிழ் எழுத்தில் அச்சான இரண்டாவது நூலே குழந்தைகளை மனத்தில் கொண்ட நூல்தான். தமிழ் அச்சின் வரலாற்றைப் பேசுவோர் இச்செய்தியைப் போதிய அளவு போற்றவில்லை என்பது நம் கருத்து.

தொடக்கம் இவ்வளவு நன்றாக இருந்தும், தொடர்ச்சி அமையவில்லை. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலுக்குப் பின் அன்றீக்கே அடிகளாரின் அச்சுப்பணி நின்றது. அடுத்த நூறாண்டில் 1679இல் அம்பலக்காட்டில் வெளிவந்த புரோவென்சா அடிகளாரின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதி போன்ற மிகச் சில முயற்சிகளே தென்படுகின்றன. தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் அச்சகம் அமைத்த 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தமிழ்க் கத்தோலிக்கக் குழந்தைகள் பல தலைமுறையாகச் செவியால் கற்று நாவால் ஒப்புவித்தனர். வினாவும் விடையும் மனத்தில் நின்றன. ஏடு கைக்கு வரவில்லை. வீட்டில் விவிலியம் வாசிக்கும் பழக்கம் சீர்திருத்தச் சபையாரிடம் வளர்ந்த அளவுக்கு நம்மிடம் வளராமற்போனதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், இந்த அச்சு வறட்சிக்கும் அதில் பங்குண்டு.

செவியால் கற்பது தாழ்ந்தது என்று இதனால் நாம் சொல்ல வரவில்லை. பழைய தமிழ்ச் சுவடியை வாசிக்கவே செவிதான் துணை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுத்தாணி பிடித்தவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் அக்காலத்தில் பிரித்துக் காட்டியது புள்ளி ஒன்றுதான். அது இல்லாதபோது 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் கண்ணுக்கு ஒன்றே. ரகரமும் காலும் கூட ஒரே வடிவில் இருந்தன. சொல்லை முன்பே காதால் கேட்டறிந்தவனே ஏட்டில் அதை அடையாளம் காண முடியும். நெடிலுக்குச் சுழியும் கொம்பும் வேறாக்கி இந்த இடரை நீக்கியவர் வீரமாமுனிவர். அவரைக் காவியப் புலவராகப் போற்றும் நாம், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் செய்த இச்சிறு உதவியை மறந்துவிடுகிறோம். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை பேச்சுத்தமிழ் பழகும் குருக்களுக்கு உதவுவதற்காகப் பிறந்தது. நூறாண்டுகளுக்குள் அது 1822இல் லண்டனில் அச்சேறி, பின்னர் நம் நாட்டுக் குழந்தைகளின் கதையாகவே ஆகிவிட்டது. குருக்களுக்கென்று எழுதியதைக் குழந்தைகள் பறித்துக்கொண்டதில் நமக்கு வருத்தமில்லை.

ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்துப் பயிற்சி தொடங்கிய இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவிப்பார். குழந்தை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன் மேல் மீண்டும் மீண்டும் விரலை ஓட்டும். கண், கை, நா, செவி நான்கும் ஒரே நேரத்தில் உழைத்தன. அரிச்சுவடியும் எண்சுவடியும் முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி என்று பாடங்கள் ஏறும். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவர்களை மேய்க்கச் சட்டாம்பிள்ளை ஒருவன் இருப்பான். பிரம்பும் உண்டு. அந்தப் பிரம்பை நாம் புகழப் போவதில்லை. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு விடும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்கும் வழக்கம் இருந்ததாக டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் குறித்துள்ளார். ஓர் இரவு முழுவதும் ஒரு சொல்லைக் காத்து வைத்திருந்து மறுநாள் திருப்பித் தரும் அப்பயிற்சியை நினைத்து நாம் வியப்பதுண்டு. வீட்டுப்பாடம் என்ற பெயரில் இன்று குழந்தையின் பையை நிரப்பும் தாள்களைவிட அந்த ஒரு சொல் கனமானது.

இந்த மணலின் புகழ் கடல் கடந்தது. மதராஸ் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்காக அமைந்த காப்பகத்திற்கு 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. ஒருநாள் தமிழ்ப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்லும்போது பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் காப்பகத்திலும் அவ்வாறே கற்பிக்குமாறு ஆசிரியரைப் பணித்தார். அந்த ஆசிரியர் அது நடவாது என்று மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அந்தச் சிறுவன் அதைச் செய்து காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரே ஆசிரியரின் ஊதியத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அங்குள்ளோரைக் கவர்ந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

பெல் மணலை எடுத்துச் சென்றார், சட்டாம்பிள்ளையையும் எடுத்துச் சென்றார். அவர் கண்ணில் படாத ஒன்று இங்கேயே தங்கிவிட்டது. மணலுக்கு வந்த குழந்தை அதற்கு முன்பே ஒரு மடியில் அமர்ந்து தாலாட்டும் விடுகதையும் கதையும் கேட்டு வளர்ந்த குழந்தை. தெருவில் செல்பவருக்குத் திண்ணை தெரியும். வீட்டின் உள்ளறை தெரியாது.

அந்த உள்ளறை ஒரே ஒருமுறை அரசாங்கக் கணக்கில் தலைகாட்டியது. மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதம் மாகாணமெங்கும் கல்வி நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மதராஸ் நகரில் மட்டும் வீட்டில் கற்போர் 26,963 பேர் என்று ஒரு கணக்கு வந்திருந்தது. அந்நகரின் பள்ளிகளில் கற்போரைப் போல் அது ஐந்து மடங்குக்கும் மேல். இவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் உறவினராலோ தனியாசிரியராலோ வீட்டில் கற்பிக்கப்படும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்று எழுதி, மற்ற மாவட்டங்களில் வீட்டில் கற்போர் கணக்கில் வராமல் விடுபட்டதையும் சுட்டினார். அவர்களையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெறுவதாகக் கொள்ளலாம் என்பது அவர் மதிப்பீடு.

இந்தக் கணக்கைக் காட்டி, பழங்காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று மகிழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு மகிழ முடியாது. மன்றோ சொன்ன மூன்றில் ஒரு பங்கு ஆண்பிள்ளைகளில் ஒரு பங்கு. பள்ளிகளில் பெண்பிள்ளைகளைக் காண்பது அரிதினும் அரிது. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டவேயில்லை. வீட்டில் கற்பிப்பதென்றாலும் எழுத்தறிந்த ஒருவர் அவ்வீட்டில் இருக்க வேண்டும், அல்லது ஆசிரியரை வரவழைக்கப் பொருள் இருக்க வேண்டும். தாய்க்கு எழுத்தை மறுத்த சமுதாயம், குழந்தையின் முதல் ஆசிரியரை ஊமையாக்கி வைத்திருந்தது என்றே சொல்ல வேண்டும். மடியில் கதை இருந்தது, பாட்டு இருந்தது, ஏடு மட்டும் இல்லை.

இக்குறையை நம்மவருள் ஆழமாக உணர்ந்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர் கத்தோலிக்கப் பொதுநிலையினர். நீதிமன்றப் பணிக்கிடையே 'பெண்மதி மாலை' பாடினார். பெண்கல்வியை வற்புறுத்தி உரைநடையும் எழுதினார். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதன் தொடக்கத்தில் பாட்டியும் தகப்பனாரும் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்து, செல்வருக்குக் கல்வி எதற்கு என்றிருக்க, கல்வியின் அருமையை எடுத்துச் சொல்பவள் தாய்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கதாநாயகி ஞானாம்பாளோ கற்றவள் மட்டுமல்லள், நாடாளவும் வல்லவள். ஒரு நீதிபதி தம் கருத்தை வீட்டுப் பெண்கள் வாசிக்கும்படி கதையாக எழுதினார் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. உரைநடைக் கதை என்பது ஒருவர் வாசிக்க நால்வர் கேட்பதற்கு ஏற்றது.

அவர் கனவு கைகூட நெடுங்காலம் ஆயிற்று. 1991ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 51.33 விழுக்காடுதான். அதே ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் வேலை முடிந்தபின் எழுத்துக்கூட்டிப் படித்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவ்வியக்கத்தை முதியோர் கல்வி என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. தாய் பெயரெழுதக் கற்ற வீட்டில் குழந்தை எழுத்தைக் கண்டு மிரள்வதில்லை. 2011இல் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இன்று தொடக்கப்பள்ளிக்கு வரும் குழந்தைகளின் தாய்மாருள் எழுதப் படிக்கத் தெரியாதோர் குறைவு. வேதநாயகர் வேண்டிய ஏடு மடிக்கு வந்துவிட்டது.

ஏடு வந்த காலத்தில் குரல் எங்கே போயிற்று என்பதே இப்போது நம் கவலை. பெற்றோர் படித்தவர்கள், ஆயினும் குழந்தைக்கு வாசித்துக் காட்டும் வேலையைக் கட்டணம் கட்டிய பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டனர். மூன்று வயதில் ஆங்கில எழுத்துக்களை வரிசையாகச் சொல்லும் குழந்தையை விருந்தினர் முன் நிறுத்துகிறார்கள். அக்குழந்தை தாய்மொழியில் முழுமையாக ஒரு கதை கேட்டிருக்கிறதா என்று யாரும் வினவுவதில்லை. குழந்தையையும் பெற்றோரையும் சோதித்துப் பார்த்துச் சேர்க்கும் முறையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. அச்சட்டம் வரும்வரை நம் பள்ளிகளும் அவ்வாறு செய்துகொண்டிருந்தது நினைவுகூரத் தக்கது.

தமிழ்க் குழந்தைக்கு இதில் தனிப்பட்ட ஓர் இடர் உண்டு. வீட்டில் அது 'தாத்தா வந்தாங்க' என்று கேட்கிறது. புத்தகத்தில் 'தாத்தா வந்தார்' என்று இருக்கிறது. எழுத்தைக் கற்பதோடு ஏறத்தாழ இன்னொரு தமிழையும் அது கற்க வேண்டியிருக்கிறது. முன்பு அந்த இன்னொரு தமிழ் வீடு தேடி வந்தது. தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கும். மே மாதம் முழுவதும் மாலைதோறும் ஒருவர் வணக்கமாதப் புத்தகத்தை வாசிக்க, குடும்பம் சுற்றியமர்ந்து கேட்கும். ஊர்த் திருவிழாவில் வாசகப்பா நடக்கும். அந்நூல்களின் நடை கடினமானதுதான். பொருள் முழுதும் விளங்காமலே குழந்தை அந்நடையின் ஏற்ற இறக்கத்தைப் பழகிக்கொண்டது. பள்ளியில் பாடநூலைத் திறந்தபோது அது முன்பே கேட்ட குரலாக இருந்தது. பக்தி முயற்சிகளென்று நாம் எண்ணிய இவை மொழிப் பயிற்சியாகவும் இருந்ததை, அவை அருகிய பின்னரே உணர்கிறோம்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது மணல் மறைந்து மடி மட்டும் எஞ்சியது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பரில். ஏறத்தாழ 19 மாதங்கள் சென்றுவிட்டன. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முதல் வகுப்பின் எழுத்திலேயே தடுமாறினர். அரசு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருக்களுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அத்தெருக்களிலேயே வாழ்ந்த பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் மாலைநேரத்தில் அவர்கள் பிள்ளைகளைக் கூட்டியதைக் கண்டபோது, மணியேந்திய சவேரியாரை நாம் நினையாமல் இருக்க முடியவில்லை.

அக்காலத்தில் நாம் பணியாற்றிய பங்கில் குடும்பங்களைச் சந்திக்கச் சென்றபோது, பிள்ளைகளுக்குள் வேறுபாடு காணப்பட்டது. செல்வமோ கைப்பேசியோ அவ்வேறுபாட்டுக்கு முழுக் காரணமன்று. வாடகை வீடொன்றில் தாயும் தந்தையும் கூலி வேலைக்குப் போய்விட, இரண்டாம் வகுப்புச் சிறுமியொருத்தி பாட்டியோடு இருந்தாள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அட்டை கிழிந்த பழைய செபப் புத்தகம் ஒன்றைச் சிறுமி மடியில் விரித்து, மாதா பிரார்த்தனையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு அது முழுதும் மனப்பாடம். சிறுமி தடுக்கும் இடத்தில் பாட்டி சொல்லை எடுத்துக் கொடுப்பார். உடனே சிறுமியின் விரல் அச்சொல்லைத் தேடிப் பிடிக்கும். ஓரிடத்தில் சிறுமி ஒரு சொல்லைத் தாண்டிப் போக, "அங்க ஒண்ண விட்டுட்ட, திரும்பப் படி" என்றார் பாட்டி. வாசலில் நின்ற நம்மை அவர்கள் கவனிக்கவில்லை. வரி முடிந்ததும் பாட்டி குனிந்து, "அதுல அடைக்கலம்ங்கிறது எது தாயி, காட்டு" என்று கேட்டார். சிறுமி காட்டினாள். பாட்டி தம் விரலை அதன்மேல் வைத்து, ஒருமுறை மெல்ல ஓட்டிப் பார்த்தார்.